ஜூஸா, ஸ்கூல் டப்பாவா, நாலரை மணிப் பசியா: பிள்ளைகள் பழம் சாப்பிட எது உருப்படியான வழி?

கிருஷ்ணகிரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், பர்கூரோ காவேரிப்பட்டணமோ போச்சம்பள்ளியோ, ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புதான். ஜன்னலுக்கு உள்ளே பிள்ளையின் கையில் பத்து ரூபாய் மாம்பழ ட்ரிங்க் பாக்கெட். "பழத்த நறுக்கிக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான், இதுன்னா மட்டும் ஸ்ட்ராவ போட்டு உறிஞ்சறான்" என்று புலம்பாத அம்மா எங்கள் தெருவில் குறைவு. மாங்கனிக்குக் கண்காட்சி நடத்தும் ஊரில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான், ஆனாலும் நடக்கிறது.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். ஜூஸா அடிச்சுக் குடு. நறுக்கி ஸ்கூல் டப்பாவில் போடு. சாப்பிட்டா போன் தர்றேன்னு சொல்லு. நல்ல ஆப்பிளா வாங்கிக் குடுத்துப் பாரு. வீட்டுப் பின்னாடி ஒரு மரம் வை. எல்லாமே ஏதோ ஓரளவு வேலை செய்யும்தான், ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு இத்தனையையும் ஒருத்தியால் செய்ய முடியாது, காசும் அளவாகத்தான் இருக்கிறது, அதனால் எதில் நம் மெனக்கெடலைப் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பசி இருக்கும் பாருங்கள், அந்த நேரத்தில், வேறு எந்தப் பாக்கெட்டும் கண்ணில் படுவதற்கு முன்னால், பக்கத்தில் விளைந்த மலிவான பழத்தை நறுக்கி வைப்பது. அது ஒன்றை ஒழுங்காகச் செய்தால் மற்ற வழிகள் பாதிக்குமேல் தேவைப்படாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் எவ்வளவு பழம் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பல வீடுகளில் பயமே தேவைக்கு மேல் இருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தட்டில் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்கு, காயும் பழமும் சேர்த்து 2 முதல் 5 வயதுக்கு 250 கிராமாவது, 6 முதல் 9 வயதுக்கு 350 கிராமாவது, 10 வயதுக்கு மேல் 400 கிராமாவது. ஆக பழம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது ஒரு வாழைப்பழமும் நாலு துண்டு பப்பாளியும், அவ்வளவுதான். கூடை கூடையாகத் தின்ன வைக்க வேண்டிய விஷயமே இல்லை. தினமும் நடக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

ஜூஸ் என்ற குறுக்குவழி

முதலில் ஜூஸை முடித்துவிடுவோம், ஏனென்றால் ஊரில் பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இதில் மூன்று ரகம் இருக்கிறது. பாக்கெட் ட்ரிங்க், கடையில் பிழியும் ஜூஸ், வீட்டில் அடிக்கும் ஜூஸ் அல்லது மில்க்‌ஷேக்.

பாக்கெட் ட்ரிங்க்கைப் பழக்கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி "ஃப்ரூட் ட்ரிங்க்" என்று போட்டு விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். பாக்கெட்டைத் திருப்பி சர்க்கரை வரியைப் படியுங்கள். நூறு மில்லிக்கு 10 கிராம் என்று இருந்தால்கூட 150 மில்லி பாக்கெட்டில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. இதில் எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு காரணத்துக்காக. அந்த 10 சதவீதமும் பெரும்பாலும் பெங்களூரா மாம்பழக் கூழ்தான், வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்திருக்குமே அதுதான். இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் அதிகம் இருப்பது ஆந்திராவின் சித்தூர் பக்கமும் நம் கிருஷ்ணகிரி பக்கமும். 2025 சீசனில் அந்த பெங்களூரா விலை அதலபாதாளத்துக்குப் போய், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று விவசாயிகள் பழத்தைக் கொட்டியதைப் பார்த்தோம். தோப்பில் கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்குக் கேட்டார்கள், அதே பழத்தின் ஒரு சொட்டுக்கு நாம் கடையில் பத்து ரூபாய் கொடுக்கிறோம். சரி, அது வேறு கதை, விட்டால் அதிலேயே நின்றுவிடுவேன்.

வீட்டு ஜூஸ் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதுவும் பழத்துக்கு ஈடில்லை. வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, மூன்று சாத்துக்குடியின் சாறு ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது, முழுசாக உரித்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று சாத்துக்குடி தின்னும்? சர்க்கரையே போடாத பழச்சாற்றைக்கூட உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் சொன்னது இன்னும் கறார்: ஒரு வயது முடியும்வரை ஜூஸே வேண்டாம், 1 முதல் 3 வயதுக்கு நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம், 4 முதல் 6 வயதுக்கு 180 மில்லி வரை. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் அது முக்கால் டம்ளர்.

மில்க்‌ஷேக் எப்போது உதவும் என்றால், பழத்தின் சதையோடு சேர்த்து அடிப்பதால், காய்ச்சல் விட்டு வாய்க்கசப்போடு இருக்கும் பிள்ளைக்கோ, பல் விழுந்து கடிக்க முடியாத பிள்ளைக்கோ. சப்போட்டாவுக்குச் சர்க்கரையே வேண்டாம். ஆனால் "பழம் பிடிக்காது, அதனால் மறைத்துக் கொடுக்கிறேன்" என்று தினமும் அடித்துக் கொடுத்தால், பிள்ளை பழகுவது மில்க்‌ஷேக்குக்குத்தான், சப்போட்டாவுக்கு இல்லை. சப்போட்டாவை முழுசாக நீட்டினால் அது என்னவோ புதுப்பொருள் மாதிரிதான் பார்க்கும். பழத்தின் தோற்றம், வாசனை, அந்த மணல் மணலான சதை எல்லாம் வாய்க்குப் பழக வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஸ்கூல் டப்பா

இது கேட்க நன்றாக இருக்கும் வழி. இன்டர்வெலில் சாப்பிடட்டும், கூடப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துத் தானும் சாப்பிடும். உண்மைதான், கூட்டத்தில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். ஆனால் கூட்டம் என்ன சாப்பிடுகிறதோ அதைத்தான் சாப்பிடுவார்கள். பக்கத்துப் பையன் டப்பாவில் சிப்ஸ் இருந்தால் நம் பிள்ளையின் கொய்யா மூடியோடு திரும்பி வரும். சில தனியார் பள்ளிகளில் வாரத்தில் இந்த நாள் பழம் மட்டும்தான் என்று வைத்திருக்கிறார்கள், அங்கே டப்பா நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் எல்லா டப்பாவிலும் பழம். உங்கள் பள்ளியில் அப்படி இல்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், செலவில்லாத விஷயம்.

இன்னொரு தொல்லை நேரம். இன்டர்வெல் கொஞ்ச நேரம்தான். அதில் பாத்ரூம் போக வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரு ஓட்டம் ஓட வேண்டும். இதற்கு ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்த விளையாட்டு நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினார்கள், வேறு எதையும் மாற்றவில்லை, பிள்ளைகள் தின்ற பழமும் காயும் 54 சதவீதம் கூடியது என்று 2015-இல் எழுதினார்கள். விளையாட ஓட வேண்டும் என்ற அவசரம் போய், ஓடி வந்த பசியும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூட நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. வீட்டு நேரத்தை மாற்றலாம்.

டப்பாவில் வைப்பதென்றால் எந்தப் பழம் என்று பாருங்கள். கொய்யா நறுக்கினாலும் சீக்கிரம் கறுக்காது, நசுங்காது. மாதுளை முத்து ஸ்பூனோடு போகலாம். ஆப்பிள் கறுத்துவிடும், கறுத்த ஆப்பிளை எந்தப் பிள்ளையும் தொடாது, உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கியெடுத்தாலோ எலுமிச்சைச் சாறு தடவினாலோ தாங்கும். வாழைப்பழம் பையில் நசுங்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும். நாவல் பழத்தை வெள்ளைச் சட்டை போடும் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள், துவைப்பது நீங்கள்தான். அஞ்சு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழுத் திராட்சை வேண்டாம், நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் பழங்களில் அது முக்கியமானது. சப்போட்டா விதையையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதன் நுனியில் ஒரு கொக்கி இருக்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த டப்பாக் கதையே பெரிதாகப் பொருந்தாது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு, மதியம் சத்துணவு, அதில் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வயிறு நிறைகிறது, பெரிய விஷயம் அது. ஆனால் பழம் என்பது வீட்டுப் பொறுப்பாகத்தான் இருக்கிறது.

நாலரை மணி

இங்கேதான் என் ஓட்டு. மத்தியானச் சாப்பாடு எப்போதோ செரித்து, பஸ்ஸிலோ சைக்கிளிலோ நடந்தோ வந்து, பையை ஒரு மூலையில் எறிந்ததும் பிள்ளை கேட்கும் முதல் வார்த்தை என்ன? "என்ன இருக்கு?" அந்த நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அது உள்ளே போகும். பத்து நிமிஷம் தாமதித்து, முறுக்கு டப்பாவைத் திறந்த அப்புறம் பழத்தை நீட்டினால் யார் சாப்பிடுவார்கள்? பெரியவர்கள் நாமே சாப்பிட மாட்டோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை வருவதற்கு முன்னால் நறுக்கித் தட்டில் வைத்துவிட வேண்டும். பழக்கூடையில் முழுசாக இருப்பதை எடுத்துத் தின்னு என்று சொன்னால் நடக்காது, கழுவணும், கத்தி வேணும், அம்மாவைக் கூப்பிடணும், அதற்குள் பிஸ்கட் பாக்கெட் பிரிந்துவிடும். தட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது. "சாப்பிடு, உடம்புக்கு நல்லது, விட்டமின் இருக்கு" எல்லாம் வேண்டாம். "என்ன இருக்கு?" என்றால் "கொய்யா இருக்கு கண்ணு, டீயும் போடப் போறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்புறம், இது முக்கியம், நீங்களும் அதே தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்ப்பது நம் வாயைத்தான். 2005-இல் வந்த ஒரு ஆய்வில் ரவையில் செய்த, கலர் போட்ட புது உணவு ஒன்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் அதே கலர் உணவைச் சாப்பிட்டபோது பிள்ளைகள் அதை அதிகம் சாப்பிட்டார்கள், பெரியவர் சும்மா உட்கார்ந்திருந்தபோதோ வேறு கலர் சாப்பிட்டபோதோ அவ்வளவு சாப்பிடவில்லை. பழத்தைப் பிள்ளைக்கு நறுக்கி வைத்துவிட்டு நாம் மிக்சர் கொறிக்கும் வீடுகள் எத்தனை என்று கேட்க எனக்கே தயக்கமாக இருக்கிறது.

எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எதை, எப்போது வைப்பது என்பது நம் வேலை, எவ்வளவு என்பது அவர்கள் வேலை. முதல் நாள் ரெண்டு துண்டு, அடுத்த நாள் ஒன்றுமே இல்லை, அதற்கு அடுத்த நாள் தட்டு காலி. புதுச் சுவை ஒன்றைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம் என்று இதை ஆராய்ந்தவர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள், நாமோ மூன்றாவது தடவையிலேயே "அவனுக்குப் பப்பாளி பிடிக்காது" என்று முத்திரை குத்தி, சொந்தக்காரர்களிடமும் சொல்லி, பிள்ளை காதிலும் விழ வைத்துவிடுகிறோம். பழம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து முறுக்கோ வேர்க்கடலையோ கேட்டால் கொடுங்கள், அதற்குத் தடையில்லை. வரிசைதான் விஷயம்.

எல்லார் வீட்டிலும் நாலரை மணிக்கு அம்மா இருப்பதில்லை, தெரியும். ஓசூர் சிப்காட்டுக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஷிப்ட் பஸ் ஏறிப் போகும் பெண்கள் எத்தனை பேர். அந்த வீடுகளில் தாத்தா பாட்டிதான் தீர்மானிக்கிற ஆட்கள். எங்கள் வீட்டிலும் அத்தைதான். "அத்தை, அவன் வந்ததும் இந்தத் தட்டை மட்டும் முதல்ல வெச்சிடுங்க, அப்புறம் நீங்க என்ன குடுத்தாலும் நான் கேக்க மாட்டேன்" என்று சொன்னது வேலை செய்தது. பேரனுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொன்னால் எந்த வீட்டிலும் எடுபடாது, அது அவர்கள் உரிமை. பழத்தை முன்னால் வைக்கச் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. காலையிலேயே நறுக்கி வைத்தால் வதங்கிவிடும் என்கிறவர்கள் வாழைப்பழம், சாத்துக்குடி மாதிரி உரிக்கிற பழத்தைத் திட்டமிடலாம். வீட்டில் யாருமே இல்லாமல் பிள்ளை தானே பூட்டைத் திறந்து வரும் வீடென்றால் இன்னும் எளிது, மேஜை மேல் வாழைப்பழச் சீப்பு இருக்கட்டும், பிஸ்கட் பரணில் இருக்கட்டும்.

அத்தை மாதிரி பெரியவர்களோடு வரும் இன்னொரு வாக்குவாதம் சூடும் சளியும். மாம்பழம் சூடு, கொய்யா சளி, வாழைப்பழம் ராத்திரி ஆகாது. இதில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, ஜெயிக்கத் தேவையும் இல்லை. சளிக்குக் காரணம் வைரஸ், கொய்யா இல்லை. ஆனால் மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவித் தரும் பழைய பழக்கம் நல்லதுதான், காம்பில் வடியும் பால் உதட்டில் பட்டால் சில பிள்ளைகளுக்கு வெந்து புண்ணாகும், கழுவினால் அது போய்விடும். மாலை நாலரைக்குக் கொடுப்பதில் இன்னொரு லாபம், ராத்திரிப் பழம் ஆகாது என்ற தகராறே எழாது.

லஞ்சமும் மிரட்டலும்

"பழம் சாப்பிட்டாத்தான் போன்." இது உடனே பலன் தரும், அதனால்தான் எல்லாரும் செய்கிறோம். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று துண்டு விழுங்கும். ஆனால் அதன் கணக்கில் பழம் என்பது போனுக்குக் கட்டும் வரி ஆகிவிடுகிறது, வரியை யாராவது ஆசையாகக் கட்டுவார்களா? 1984-இல் லீன் பர்ச் என்ற ஆராய்ச்சியாளர், பிள்ளைகளுக்குப் புது பானம் ஒன்றைக் கொடுத்து, குடித்தால் பரிசு என்று சொல்லிப் பார்த்தார். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் பின்னால் குறைந்துபோனது.

இதற்கு மாறாகவும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2011-இல் லண்டன் பள்ளிகளில், பிடிக்காத காய் ஒன்றை ஒரே ஒரு துணுக்கு சுவைத்துப் பார்த்தால் ஸ்டிக்கர் என்று தினமும் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காயின் மேல் விருப்பம் கூடியது. என் புரிதல் என்னவென்றால், வேலை செய்தது தினமும் சுவைத்ததுதான். ஸ்டிக்கர் வெறும் சாக்கு. பரிசு ரொம்பச் சின்னது, கேட்டது ஒரு துணுக்கு மட்டும். ஒரு முழு ஆப்பிளுக்கு ஒரு மணி நேரம் போன் என்பது அதே வகை இல்லை. ஆகவே தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, ஒரு நக்கு நக்கிப் பார்த்தால் காலண்டரில் ஒரு ஸ்டார் ஒட்டலாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி வேண்டாம். அடித்து, மிரட்டி, வாயில் திணிப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை, வாந்திதான் மிச்சம்.

ஆப்பிளா, ஊர்ப்பழமா

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆப்பிள், விருந்தாளி வந்தால் ஆப்பிள், பிள்ளைக்கு "நல்ல பழம்" என்றாலும் ஆப்பிள். ஆப்பிளை நான் குறை சொல்லவில்லை, கடிக்க நன்றாக இருக்கும், நாள்பட வைக்கலாம். விலைதான். ஆப்பிள் கிலோ 200 ரூபாயைத் தொடும் நாட்களில் அதே காசுக்குக் கொய்யா மூன்று நாலு கிலோ வரும். சத்துக் கணக்கு இன்னும் சங்கடம்: கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி, ஆப்பிளில் ஐந்துக்கும் கீழே. நார்ச்சத்திலும் கொய்யாவே மேல்.

இந்த வைட்டமின் சி நம் மாவட்டங்களுக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கேழ்வரகு தின்கிற ஊர்கள். களியிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை, கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட அதிகம். களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு ரெண்டு துண்டு கொய்யா, அல்லது கால் நெல்லிக்காய், இதைவிட மலிவான உபாயம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு ஆப்பிள் வருஷம் முழுக்க ஒரே ருசி. ஊர்ப்பழத்தில் மாதத்துக்கு ஒன்று மாறும், பிள்ளைக்கும் சலிக்காது. ஏப்ரல் கடைசியில் செந்தூரா தலைகாட்டும், மே மாதம் அல்போன்சா, பங்கனபள்ளி, மல்கோவா, ஜூனில் பெங்களூரா மலிந்து கிடக்கும், கடைசியாக நீலம். அதே சமயம் நாவல். ஆகஸ்டுக்கு அப்புறம் கரட்டுப் பக்கமிருந்து சீத்தாப்பழம் கூடையில் வந்து சாலையோரம் உட்காரும், அதைத் தின்னும் பிள்ளைக்கு விதை துப்பும் விளையாட்டு ஒன்று இலவசம் (விதையை மட்டும் நசுக்கவிடாதீர்கள், அந்தப் பொடி கண்ணில் பட்டால் ஆபத்து). குளிர் காலத்தில் நெல்லி, இலந்தை. இடைவெளியை நிரப்ப எப்போதும் வாழை, பப்பாளி, கொய்யா. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் "இந்த வாரம் எது வேணும், நீயே சொல்லு" என்று விட்டுப் பாருங்கள், தானே பேரம் பேசி வாங்கியதை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படும்.

பெங்களூராவைப் பற்றி ஒரு வார்த்தை. முழுசாகப் பழுத்தால் மற்ற ரகங்கள் அளவுக்கு இனிப்பு இருக்காது, அதனால் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. செங்காயாக இருக்கும்போது நீளமாகக் கீறி, துளி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனால் காசு கொடுத்து வாங்கித் தின்கிறோமே, அதேதான். உப்பு போடலாமா என்று கேட்பார்கள். ரெண்டு விரலால் கிள்ளுகிற அளவு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, சிப்ஸ் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கார்பைடு பயம் பலருக்கு மாம்பழத்தையே நிறுத்திவிடுகிறது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, அது பழமே தன்னுள் உண்டாக்கும் வாயு. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. முற்றின காயாக வாங்கி வந்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் வீட்டிலேயே பழுக்கும், சென்னைக்காரர்களுக்கு இது வாய்க்காது. தினமும் போய் "பழுத்திருச்சா" என்று அமுக்கிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

மரம்

மரத்தை நான் மற்ற வழிகளோடு போட்டியில் வைக்கவில்லை, ஏனென்றால் இன்று நட்டால் இந்த வருஷம் பிள்ளைக்குப் பழம் கிடைக்காது. ஆனால் இடம் இருக்கிறவர்கள் நட வேண்டும். தான் தண்ணீர் ஊற்றிய செடியில் காய்த்ததைப் பிள்ளைகள் விடுவதில்லை, பழுக்கும்வரை பொறுப்பதுமில்லை.

எதை நடுவது என்று வந்தால் பொறுமையின் அளவுதான் கணக்கு. பப்பாளி ஒன்பது பத்து மாதத்தில் பழம் கொடுத்துவிடும், ஒரு சின்ன மூலை போதும், பாத்திரம் கழுவும் தண்ணீர் போதும் என்றும் ஊரில் சொல்வார்கள், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். விதையிலிருந்து முளைப்பவற்றில் ஆண் மரமும் வரும், அது காய்க்காது, அதனால் ஒரே குழியில் ரெண்டு மூன்று கன்று விட்டு பூ வந்ததும் பார்த்து வெட்டுவது வழக்கம். கொய்யா பதியன் ரெண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும், கிளை தாழ்வாக இருக்கும், பிள்ளை கைக்கே எட்டும். ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் நான் கொய்யாவைத்தான் சொல்வேன். மா ஒட்டுக்கு நாலைந்து வருஷம், இடமும் நிறைய வேண்டும், ஊரெல்லாம் மா இருக்கும்போது வீட்டில் எதற்கு என்றும் தோன்றும்.

கன்றுக்கு அலைய வேண்டியதில்லை. சந்தூர் பக்கம் போனால் சாலையின் இரண்டு புறமும் நர்சரிதான், மா ஒட்டுக்குப் பேர்போன ஊர், கொய்யா சப்போட்டாவும் வைத்திருப்பார்கள். ஜீனூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணையும் இருக்கிறது. ஆடி, ஆவணி மழைக்கு நட்டுவிட்டால் முதல் கோடைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள், அதற்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், அது அடியில் இருக்கும் வேர்ச்செடியின் துளிர், விட்டால் ஒட்டு ரகத்தை அமுக்கிவிட்டு அதுவே வளர்ந்துவிடும்.